முன்பல்லைக் கேட்டு வந்தவர்கள்

1

இந்தக் குளிர்காலத்தில் ஒரே வாரத்துக்குள் இரண்டு நாடுகளில் எங்கள் வீட்டுக் குழந்தைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார்கள். ஒரு வாய் என் பேத்தி மீராவுடையது. நான் மகளோடு குடியிருக்கும் நார்வேயின் மேற்குக் கரைத் துறைமுக ஊரில் அது நடந்தது. இன்னொரு வாய் கவினுடையது. அவன் காலமான என் தம்பியின் பேரன். எண்ணூர்க் குப்பத்தில் இருக்கிறான். இருவருக்கும் ஏழு வயது. இரண்டு இடத்திலும் வந்தவர்கள் ஒரே மாதிரி: வெள்ளைக் கோட்டு, சின்ன டார்ச், விடாத சிரிப்பு.

சிரித்துக்கொண்டே கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. தொழில் கொடுத்த குணம். குப்பத்தில் பிறந்து, படித்து, சென்னைத் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் எண்ணுவதுதான் வேலை. கப்பல்காரனுக்கு ஓர் ஆள் எண்ணுவான். கரைக்கு நான் எண்ணுவேன். அதே மூட்டைகள்தான், அதே வெயில்தான். ஆனாலும் சாயங்காலம் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது. இருவருக்கும் எண்ணத் தெரியும். அவரவர், சம்பளம் கொடுப்பவருக்காக எண்ணினோம், அவ்வளவுதான். அதனால் யாராவது எதையாவது எண்ண வந்தால், யாருக்காக எண்ணுகிறாய் என்றுதான் முதலில் கேட்பேன்.

ஊரில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே சொன்னால், "அப்பா, உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று மகள் முடித்துவிடுவாள்.

2

இங்கே பள்ளிப் பிள்ளைகளின் பல்லுக்கு அரசாங்கமே பொறுப்பு. காசு கேட்பதில்லை. அதுவே என் முதல் சந்தேகம். மகள் செல்விக்கும் மருமகனுக்கும் வேலை நாள் என்பதால் மீராவை நான் அழைத்துப் போனேன். காலை ஒன்பது மணி ஆகியும் விடியாத மாதம். பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் முள் மாட்டிக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்தபடி நடந்தேன். பார்ப்பவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்கும். உண்மையில் அவள்தான் என்னைப் பிடித்திருந்தாள்.

பல் மருத்துவப் பெண் மீராவின் பல்லை எண்ணி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு, ஓர் ஆய்வுக்காகச் சில கேள்விகள் என்றாள், எனக்காக ஆங்கிலத்தில். முப்பத்து நான்கு கேள்விகள். பல்லைப் பற்றியவை அதில் ஒன்பதுதான். மேசைக்கு அடியில் விரல் மடக்கி எண்ணினேன். மற்றதெல்லாம் வீட்டைப் பற்றி. வீட்டில் எத்தனை பேர்? இரவு குழந்தையைத் தூங்கவைப்பது யார்? வலி என்றால் குழந்தை யாரிடம் சொல்வாள்? தூங்குமுன் என்ன குடிக்கிறாள்?

இந்த நாட்டில் நம் ஆட்கள் கூடினால் ஒரு பேச்சு வரும். பிள்ளை வளர்ப்பு சரியில்லை என்று எங்காவது பதிவாகிவிட்டால் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டுவார்கள் என்ற பேச்சு. யாருக்கு நடந்தது என்று கேட்டால் எல்லோரும் இன்னொரு ஊரைக் கை காட்டுவார்கள். அந்த ஊருக்குப் போய்க் கேட்டால் அவர்கள் நம் ஊரைக் காட்டுவார்கள். பயம் மட்டும் எல்லா ஊரிலும் இருக்கிறது.

தூங்குமுன் என்ன குடிப்பாள் என்ற கேள்விக்கு, "தண்ணீர்" என்றேன்.

மீரா அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்தபடியே அவர்கள் மொழியில் சொன்னாள்: "தாத்தா பாலில் சர்க்கரை போட்டுத் தருவார். பல் தேய்த்த பிறகு. அம்மாவுக்குத் தெரியக்கூடாது."

அந்த மொழி எனக்குப் பேச வராது என்றாலும், காட்டிக்கொடுப்பது புரியும் அளவுக்கு வரும்.

அந்தப் பெண் சிரித்தாள். எழுதிக்கொண்டாள். சூழ்நிலையை இலேசாக்குவதற்காகவோ என்னவோ, உங்களுக்கு எத்தனை பல் என்று என்னைக் கேட்டாள். தெரிந்த அவர்கள் மொழியிலேயே இருபத்தேழு என்றேன். மீரா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் இந்த ஊர் எண்களைக் கற்றது மேல்மாடிக் கிழவியிடம். அந்தக் காலத்து ஆட்கள் இருபத்தேழை "ஏழும் இருபதும்" என்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது கேலி. எண்ணியே பிழைத்தவன் நான், எண்களிலும் பழசாகிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன்: "என்னை ஏன்டி மாட்டிவிட்ட?"

"அவங்க கேட்டாங்க" என்றாள், தமிழில்.

"கேட்டா சொல்லிடுவியா?"

"கேட்டா சொல்லணும் தாத்தா." அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் தமிழில் இல்லை. எனக்கு ஏன் முகம் தொங்கிப் போயிருக்கிறது என்று அவளுக்குப் புரியவும் இல்லை. அடுத்து வந்த நாட்களில் அழைப்புமணி அடிக்கும்போதெல்லாம் நான் முதலில் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன்.

3

அந்த வாரக் கடைசியில் தேவி வீடியோவில் அழைத்தாள். தேவி, என் தம்பி மகன் முருகனின் மனைவி. கவினின் அம்மா.

"இன்னா மாமா, அங்க இன்னும் விடியலயா?"

"விடிஞ்சு, மறுபடியும் இருட்டிடுச்சு. சொல்லும்மா."

"பல்லு சர்வேக்காரங்கோ வந்துகிறாங்கோ மாமா. கொயந்தைங்க வாயத் தொறந்து பாக்குறாங்கோ. அத்தோட வுடல. வுயுந்த பல்லு இருந்தா குடுங்கன்றாங்கோ."

"விழுந்த பல்லா? எதுக்கு?"

"அதான் மாமா பேஜாரா கீது. ஒட்டிக்கினு கீற பல்லுக்கே இங்க நாதி இல்ல. வுயுந்தத வச்சி இன்னா பண்ணப் போறாங்கோ?"

ஏதோ பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறார்கள். நோய்த் தடுப்பு, ஆபத்துகளைப் பற்றிய விழிப்புணர்வு என்று தாய்மார்களிடம் கேள்விகள். கூடவே பால்பல் சேகரிப்பு. பால்பல் உருவாகும் காலத்தில் குழந்தை தின்றது, குடித்தது, மூச்சில் இழுத்தது எல்லாம் அதில் படிந்துவிடுமாம். பொடித்துப் பார்த்தால், ஈயம் போன்ற நஞ்சு எவ்வளவு என்று தெரியுமாம். எண்ணூரில் இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். தொழிற்சாலைப் புகைபோக்கிகள் இருக்கும் பக்கம்.

பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவது எங்கள் வழக்கம். கவினின் மேல்வரிசை முன்பல் ஒன்று தீபாவளிக்கு முன் விழுந்திருக்கிறது. சாணி கிடைக்கவில்லை என்று தேவி அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள்.

அவள் கவலை பல் அல்ல. கவினுக்குக் கொஞ்ச நாளாகவே வயிற்றுவலி. சோறு இறங்குவதில்லை. முகம் வெளுத்திருந்தது. போன வருடம் எழுதிக்கொண்டிருந்த எழுத்துகளை இந்த வருடம் மறந்து உட்கார்ந்திருக்கிறான் என்று டீச்சர் சொன்னாளாம். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. "இவுங்க எதுனா கண்டுபுடிச்சி சொல்லுவாங்களான்னு ஒரு நப்பாச மாமா. ஆனா உங்க தம்பி புள்ள வாணான்றாரு. சர்வே வந்தா பின்னாடியே காலி பண்ணச் சொல்லுவாங்கோன்னு தெருவே பேசிக்கினு கீது."

தெரு பேசியதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் எண்ண வந்தவர்கள் நல்லதுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு முறை வீடுகளை எண்ணி வாசலில் பெயிண்டால் எண் போட்டார்கள். அந்த வரிசை இப்போது அங்கே இல்லை. அந்த ஜனங்கள் கடலே தெரியாத அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். இன்னொரு முறை, காற்றில் நெடி அடித்து ஜனங்கள் இருமிக்கொண்டிருந்த சமயத்தில், சுவாசக் கணக்கெடுப்பு என்று வந்தார்கள். அப்போது என் தம்பி உயிரோடு இருந்தான். "பீடி குடிப்பீங்களா?" என்று கேட்டார்கள். குடிப்பேன் என்றான். அதோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் விட்ட புகையை எழுதிக்கொண்டார்கள். அவன்மேல் விட்ட புகையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அடுத்த வருடம் அவன் போய்ச் சேர்ந்தான்.

இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் தேவிக்குச் சொன்னேன்: "பல்லைக் குடு. பல்லு பொய் சொல்லாது. ஆனா கேள்விக்கெல்லாம் இல்லைன்னே சொல்லு. நீ எது சொன்னாலும் அதை உம்மேலயே திருப்புவாங்க."

"எல்லாத்துக்குமேவா மாமா?"

"எல்லாத்துக்கும்."

4

அவள் அப்படியே செய்தாள். தீப்பெட்டியைக் கொடுத்தாள். கேள்விகளுக்கு இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். குழந்தைக்கு மண் தின்னும் பழக்கம் உண்டா? இல்லை. வீட்டில் பழைய பேட்டரி உடைப்பீர்களா? இல்லை. ஈயம் உருக்குவீர்களா? இல்லை. "கக்கூசு கீதான்னு கேட்டதுக்கும் இல்லன்ட்டேன் மாமா, ஒரு வேகத்துல" என்று பிறகு சொன்னாள்.

வந்தவர்களில் மூத்தவள் ஜெனிஃபர் என்ற பெண் டாக்டர். அவளும் முப்பதைத் தாண்டாதவள்தான். தீப்பெட்டியைத் திறந்து பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு கவினை மறுபடி கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாளாம். விழுந்த பல்லின் விளிம்பில் ஒரு வெட்டு. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பல்லிலும் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு வெட்டு.

"இவன் எதைக் கடிக்கிறான்?"

"பென்சிலு மேடம்."

"பென்சில் பல்லை இப்படி வெட்டாதும்மா. தினமும் ஏதோ கெட்டியானதைக் கடிக்கிறான். என்னது?"

தேவி கவினைப் பார்த்தாள். கவின் முருகனைப் பார்த்தான். முருகன் கடலைப் பார்த்தான். தேவி இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றுவிட்டது. ஏனென்றால் அவன் எதைக் கடிக்கிறான் என்று நார்வேயில் இருக்கும் எனக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வலை தண்ணீரில் அமிழ்ந்து நிற்க அடிக்கயிற்றில் வரிசையாக ஈயக்குண்டு கட்ட வேண்டும். கடையில் வாங்கலாம். எங்கள் ஆட்கள் வாங்குவதில்லை. காயலான் கடையில் பழைய ஈயத்தை எடைக்கு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி இரும்புக் கரண்டியில் உருக்கி, மண்ணில் கோடு கிழித்து ஊற்றி, துண்டு துண்டாக நறுக்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு துண்டையும் கயிற்றின்மேல் வளைத்து இறுக்க வேண்டும். கத்தியால் தட்டினால் கயிறு அறுந்துவிடும். அதனால் பல். ஈயம் மெத்தென்று இருக்கும். ஒரு கடியில் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளின் பல் சின்னது, கடி கச்சிதம் என்று வலையைச் சுற்றி அவர்களைத்தான் உட்கார வைப்பார்கள். கதை பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, வாயில் நாலு துண்டைச் சேர்த்து ஒதுக்கிவைத்துக்கொண்டு கடிப்போம். கடிப்போம் என்றுதான் எழுதுகிறேன். எனக்கும் அந்த வேலை தெரியும்.

முருகன் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் கூலி. வேலை இல்லாத நாளில் மைத்துனனோடு ஃபைபர் படகில் போவான். வலை வீட்டுக்குப் பின்னால்தான் கிடக்கும். கவின் அதன் பக்கத்தில்தான் வளர்ந்தான்.

5

அன்று இரவு எனக்கு இரண்டு யோசனைகள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை.

பிள்ளையின் வயிற்றுக்குள் ஈயம் போயிருக்கிறது என்றால், அது எப்படிப் போனது என்று டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். இது ஒன்று. சொல்லிவிட்டால் அந்த ஆய்வு என்ன ஆகும்? எண்ணூர்ப் பிள்ளைகளின் பல்லில் ஈயம் இருக்கிறது, காரணம் குப்பத்து ஜனங்களின் பழக்கம் என்று எழுதிவிடுவார்கள். புகைபோக்கிகளைப் பார்க்க ஒருவரும் தலையை நிமிர்த்த வேண்டாம். பீடி குடிப்பீங்களா என்று கேட்டவர்கள்தானே. இது மற்றொன்று.

அந்த டாக்டரிடம் நானே பேசுகிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி தெருவுக்கு வந்தபோது தேவி போனை அவள் கையில் கொடுத்தாள்.

"வணக்கம் ஐயா. எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லச் சொன்னது நீங்கதானா?"

"தேவி அப்படிச் சொன்னாளா?"

"சொல்லல. ஆனா ஒவ்வொரு கேள்விக்கும் போனைப் பாத்துட்டே பதில் சொன்னாங்க. இப்ப அதே போன்ல நீங்க."

நான் விஷயத்துக்கு வந்தேன். "இந்த ஆய்வுக்குக் காசு யார் குடுக்குறா?"

"எங்க காலேஜ்."

"காலேஜுக்கு?"

"காலேஜுக்கு நாங்கதான் ஃபீஸ் கட்டுறோம் ஐயா. எங்கப்பா இன்னும் கடன் அடைச்சிட்டிருக்கார்."

"எந்தக் கம்பெனியும் இதுல இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"உனக்குத் தெரியாம?"

"தெரியாததை நான் எப்படி ஐயா சொல்றது?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. "சரி. கவின் பல்லுல ஈயம் இருக்குன்னு தெரிஞ்சா அவனுக்கு என்ன செய்வீங்க?"

"தனித்தனியா முடிவு சொல்ல மாட்டோம் ஐயா. மொத்த ஏரியாவுக்கும் சேர்த்துதான்."

"அதாவது பல்லு எங்களோடது, கணக்கு உங்களோடது."

"ஆமா" என்றாள். மழுப்பவில்லை. "அந்தப் பல்லு கவினுக்கு உதவாது. அவனுக்கு ரத்தம் பாக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் சீட்டு எழுதித் தரேன். ஆனா அங்க முதல் கேள்வியே ஈயம் எங்கருந்து வருதுன்னுதான் இருக்கும். வர்ற வழியை அடைக்காம மருந்து குடுத்து என்ன பிரயோஜனம்? அவன் எதைக் கடிக்கிறான்னு சொல்லுங்க."

"நாங்க சொன்னா உங்க ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க? தப்பெல்லாம் ஜனங்க மேல, ஃபேக்டரி மேல ஒண்ணுமில்லைன்னா?"

"நான் ரெண்டையும் எழுதுவேன்."

"எழுதினா அப்படியே வருமா?"

பின்னால் யாரோ மீன் விலை கேட்டுக் கத்துவது கேட்டது. "ரிப்போர்ட் நான் மட்டும் எழுதறது இல்ல ஐயா. மேல நாலு பேர் இருக்காங்க. நான் எழுதினது அப்படியே வரும்னு உங்களுக்கு சத்தியம் பண்ண முடியாது."

அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். பொய் என்று கண்டுபிடித்து, போனை வைத்துவிட்டு, என் பக்கம் நியாயம் என்று தூங்கியிருப்பேன். யோசித்துச் சொல்கிறோம் என்றேன்.

6

அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் சண்டை. போனைச் சுவரில் சாய்த்து வைத்து, என்னை மத்தியஸ்தத்துக்கு உட்கார வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

"நீங்களே சொல்லுங்க பெரிப்பா" என்றான் முருகன். "எங்கப்பா கடிக்கல? தாத்தா கடிக்கல? நான் கடிக்கல? நாங்கல்லாம் இன்னா செத்தா பூட்டோம்?"

"உங்கப்பா எங்க கீறாரு இப்ப? கூப்புடு பாப்போம்" என்றாள் தேவி.

"அது பொகைல."

"இதுவும் பொகதான். நீ உருக்கறப்ப வர்றது இன்னா சாம்பிராணியா?"

"த பாரு, நம்ம வூட்ல இருந்து ஒரு வார்த்த போச்சுன்னா நாளிக்கு அத்தினி பேரும் நம்மளத்தான் சொல்லுவானுங்கோ. கம்பெனிக்காரன் கால் மேல கால் போட்டுக்கினு சிரிப்பான். என்னியும் வேலைய விட்டுத் தூக்குவான். ரத்தத்துல கீதுன்னு தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற? வூட்டத் தூக்கி தலைல வச்சிக்கினு போவியா?"

தேவி என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க சொல்லுங்க."

யோசிக்கலாம் என்றேன். அவசரப்பட வேண்டாம், அந்த டாக்டரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும் என்றேன்.

"நீங்க யோசிங்க மாமா" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் சுருக்கென்றது. "நீங்க அங்கிருந்து யோசிங்க. இங்க எம்புள்ள வவுத்தப் புடிச்சிக்கினு சுருண்டு படுத்துகினு கீறான். எத்தினி நாளிக்கு நான் அவன வச்சி ஃபேக்டரி மேல சாட்சி தேடறது?"

போன் அணைந்தது. அவள் அணைத்தாளா, சார்ஜ் போயிற்றா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் இங்கே பல் மருத்துவமனையிலிருந்து மகளுக்குச் செய்தி. மீராவின் கடைவாய்ப் பல் ஒன்றில் சின்னச் சொத்தை; அடைக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை, இரவுப் பாலில் சர்க்கரை வேண்டாம். அவ்வளவுதான். கதவை யாரும் தட்டவில்லை. செல்வி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். "தண்ணின்னு சொன்னீங்களாமே அப்பா. அவ உண்மையைச் சொல்லலைன்னா இந்தச் சொத்தை எதனால வந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

அவள் கேட்டது நியாயம். ஆனால் செல்விக்கு ஒன்று தெரியாது. இங்கே உண்மை மலிவு. சொன்னால் சர்க்கரையை நிறுத்தச் சொல்வார்கள், பல்லை அடைத்து அனுப்புவார்கள். எண்ணூரில் ஒரு வார்த்தை உண்மைக்கு ஒரு வேலை போகலாம், ஒரு தெருவே போகலாம். அங்கே இல்லை, இல்லை என்று சொல்லிப் பழகியவர்கள் அறியாமையால் சொல்வதில்லை. அதைப் புரிந்துகொள்ளாத எந்த விழிப்புணர்வுக் கணக்கெடுப்பையும் நான் இன்றும் நம்புவதாக இல்லை.

ஆனால் மீராவின் சொத்தை ஒன்றைச் சொன்னது. நான் தண்ணீர் என்று சொன்னதால் சர்க்கரை தண்ணீராகிவிடவில்லை. அது பாட்டுக்கு அவள் பல்லை அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஃபேக்டரி அயோக்கியத்தனம் செய்கிறது என்பதால் கவினின் வாயில் இருக்கும் ஈயம் காத்துக்கொண்டிருக்காது.

தேவிக்குப் போன் செய்து, சொல்லிவிடம்மா என்றேன்.

"காலீலயே சொல்லிட்டேன் மாமா" என்றாள்.

7

அவள் முருகனுக்குத் தெரியாமல் போகவில்லை. அவனையும் இழுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். டாக்டர் எதிரில் உட்கார்ந்து, இல்லை என்று சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி ஆமாம் என்று சொன்னாளாம். ஈயம் உருக்குகிறோம். வாசலில் இல்லை, பின்னால். பிள்ளை கடிக்கிறான். வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்வான். கடைசியில் எழுந்திருக்கும்போது முருகன், "பொகைபோக்கியயும் எய்திக்க மேடம். அது எங்க வூட்டு அடுப்பு இல்ல" என்றானாம்.

ஜெனிஃபர் எழுதிக் கொடுத்த சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தத்தில் ஈயம் இருந்தது. இருக்க வேண்டியதைவிட அதிகம். ஆஸ்பத்திரியில் தங்கவைக்கும் அளவுக்கு இல்லை. ரத்தசோகைக்கு மருந்து கொடுத்து, அடுப்பையும் வலையையும் வீட்டைவிட்டு அகற்றச் சொல்லி, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொன்னார்கள். குறையாவிட்டால் வேறு மருந்து. படிப்பு திரும்புமா என்று தேவி கேட்டதற்கு ஆஸ்பத்திரி டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லையாம். இப்போதே நிறுத்தியது நல்லது என்று மட்டும் சொன்னாராம்.

முருகன் உருக்குவதை நிறுத்தினான். கடையில் ஈயக்குண்டு வாங்கி, குறடு வைத்து, படகுத்துறையில் உட்கார்ந்து இறுக்குகிறான். நாலு மடங்கு நேரம் ஆகிறதாம். அரை வலைக்குள் என் பேரையும் டாக்டர் பேரையும் சேர்த்துத் திட்டுகிறானாம்.

தெரு சும்மா இருக்கவில்லை. டாக்டர்கள் அடுத்த முறை வந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு சரோஜா, குழாயடியில் தேவியை நிறுத்தி வைத்துக் கத்தியிருக்கிறாள். சரோஜாவுக்கு இரண்டு பெண்கள். வலைக்குக் கடிப்பதில் அந்தத் தெருவில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

"இன்னாடி பெரிய ஞாயக்காரி மாரி போயி போட்டுக் குடுத்துக்கிற? உன் வூட்டு நாத்தத்த உன் வூட்டோட வச்சிக்கினு போவ வேண்டியதுதான? இப்ப எங்க வூட்டுக் கொல்லையில வந்து நோண்டறாளுங்கோ. இடம் காலி பண்ணச் சொன்னான்னா உம் பேர எய்தி வச்சிட்டுத்தான் போவேன்."

அதற்குப் பிறகு தேவியோடு தெருவில் யாரும் பேசவில்லை. குழாயடிக்கு அவள் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். கவினை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. உன்கிட்ட ஈயம் கீது, தொட்டா ஒட்டிக்கும் என்றார்களாம். இதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் முடியவில்லை. இங்கே மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது. அந்த இருட்டில் உட்கார்ந்து, நான் முதலிலேயே வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பக்கமும் போட்டுப் பார்ப்பேன். கணக்கு நேராகவில்லை. ஆய்வின் முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் அதில் புகைபோக்கி இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஜெனிஃபரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். அவள் எழுதியதில் இருக்கிறது என்றாள். மேலே இருக்கும் நாலு பேரைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை கவினுக்கு இரண்டாம் முறை ரத்தம் எடுக்கும் நாள். முருகனுக்கு லீவு கிடைக்கவில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நிற்க முடியும் என்று தேவி பிள்ளையை எழுப்பி, வெறும் வயிற்றில், தனியாகக் கிளம்பியிருக்கிறாள்.

அவள் திரும்பி வந்து என்னை அழைக்கும்வரை நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஈயம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றேன். எண்ணைச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

"இன்னொண்ணு மாமா" என்றாள். "பஸ் ஸ்டாப்புல சரோஜாக்கா நின்னுகினு இருந்துது. ரெண்டு பொண்ணுங்களயும் கூட்டினு. இந்நேரத்துக்கு எங்கக்கான்னேன். சொந்தக்காரங்க வூட்டுக்குன்னுச்சு. சொல்லிட்டு, என் மூஞ்சப் பாக்காமயே, 'ஏண்டி, ரத்தம் எடுக்கறதுக்கு வெறும் வவுத்தோடயா போவணும்? சின்னது ஒரு பன்னு தின்னுடுச்சு'ன்னுச்சு."

"அவங்க மட்டுமா?"

"இல்ல மாமா. பின்னாடியே வந்துகினே இருந்தாங்கோ. ஒருத்தர ஒருத்தர் பாக்காத மாரி நின்னாங்கோ. எல்லார் கைலயும் ஒரு புள்ள."

"எத்தனை பேரும்மா?"

"எண்ணல மாமா" என்றாள். "பஸ்ஸு ரொம்பிப் போச்சு. எனக்கே நிக்கத்தான் எடம் கெடச்சுது."